கட்டளையேடுகளைப் பேணும் முறை

நம் கல்லூரியிற் பயின்று, இன்று கொழும்பிலும் சென்னையிலும் கடல் கடந்த நகரங்களிலும் கணினித் துறையிற் கடமையாற்றும் பழைய மாணவர் பலர். அவர்கள் தம் தொழிலைப் பற்றித் தமக்குள் உரையாடுங்கால் 'கண்டெய்னர்', 'கிளஸ்டர்', 'கிளவுட்', 'ஸ்கிரிப்ட்' என்னுஞ் சொற்கள் அடுத்தடுத்து வந்து விழும். கேட்டிருக்கும் பெற்றோர்க்கும், அத்துறையை நாடி நிற்கும் இளைய மாணவர்க்கும் அவை பொருள் விளங்கா ஒலிகளாகவே நின்றுவிடுகின்றன. அத்தொழிலின் ஒரு கூற்றை, அஃதாவது பல கணினிகளைத் திரட்டி அவற்றிலே செயலிகளை நிறுவுதற்கு எழுதப்பெறும் கட்டளையேடுகளைப் பேணும் கூற்றைத் தமிழிலே ஒரு பாடமாக எழுதித் தருமாறு இம்மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டனர். பூனாகலையிலே தமிழ் கற்பிக்கும் யாம் இதனை எழுதப் புகுந்தமைக்கு ஒரு நியாயமுண்டு. இத்தொழிலில் நேரும் இடர்கள் பல பொறிகளின் பழுதால் விளைவன அல்ல, சொற்களால் விளைவன. ஒரே ஒரு சொல் மாறியமையால் உலகறிந்த தளமொன்று ஐந்து மணி நேரத்திற்கு மேல் நின்றுபோன வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம்.

முதலிற் சொற்பொருள் காண்போம். 'கண்டெய்னர்' என்பது கொள்கலம். நம் மலைநாட்டார்க்கு இது புதுமையன்று. தொழிற்சாலையிற் பதமாக்கிய தேயிலையை உள்ளே ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டியில் அடைத்து, மேலே தோட்டத்தின் பெயரைப் பொறித்து, வண்டியிலும் லொறியிலும் ஏற்றிப் புகையிரத நிலையத்திற்கு அனுப்பிய காலத்தை முதியோர் அறிவர். உள்ளே இருப்பது எத்தரத் தேயிலையாயினும் பெட்டியின் அளவு ஒன்றே. ஆதலின் ஏற்றுவோனும் இறக்குவோனும் உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலுற வேண்டியதில்லை. 1956 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள் மல்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 'ஐடியல் எக்ஸ்' என்னுங் கப்பலில் 58 கொள்கலங்களை நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதோடு உலக வாணிகமும் இந்நெறிக்கு வந்தது. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர் என்னும் மென்பொருள் இதே கருத்தைக் கணினிக்குப் பரப்பியது. ஒரு செயலியையும், அஃது இயங்குதற்கு வேண்டிய துணை நிரல்கள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், எந்தக் கணினியில் இறக்கினும் அது ஒரே தன்மையாய் இயங்கும்.

பெட்டிகள் பத்தாயின் ஒருவர் கையாலே இறக்கி வைக்கலாம். ஆயிரமாயின்? அவற்றை நூறு கணினிகளிற் பகிர்ந்து வைத்து, ஒன்று கெட்டால் வேறொன்றை எழுப்பி, கூட்டம் மிகுந்தால் எண்ணிக்கையைக் கூட்டி நடத்துதற்கு ஒரு தலைவன் வேண்டும். அத்தலைவனாக அமைந்ததே கூகிள் நிறுவனத்தார் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட குபர்னெட்டிஸ். இது கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கானைப் பிடிப்போன் என்பது பொருள். நம் முன்னோர் இவனை மீகாமன் என்றனர். சங்க இலக்கியத்திலே நீகான் என்னுஞ் சொல்லும் இப்பொருளில் வழங்குகின்றது. அம்மென்பொருளின் சின்னமும் ஏழு ஆரையுடைய சுக்கான் சில்லே. இக்கட்டுரையில் அதனை மீகாமன் என்றே வழங்குவோம். மீகாமனும் அவன் ஆளும் கணினிகளும் சேர்ந்தது திரள். இக்கணினிகள் நம் வீட்டிலோ அலுவலகத்திலோ இருப்பன அல்ல. பிறர் நடத்தும் பெரிய நிலையங்களிலே வாடகைக்குப் பெறப்படுவன. அதனையே முகில் என்கின்றனர்.

மீகாமன் வேலை செய்யும் விதத்தை அறியத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தை நினைத்தாற் போதும். விடியற்காலையிற் கணக்கப்பிள்ளை, 'ஐந்தாம் நம்பர் மலைக்கு இருபது ஆள்' என்று வகுக்கின்றார். இன்னார் இன்னார் என்பது அவர்க்கு முதன்மையன்று. இருபது என்னுந் தொகையே முதன்மை. இருவர் வாராதொழியின் வேறிருவரை அனுப்புவார். மீகாமனும் அங்ஙனமே. 'இச்செயலியில் எப்பொழுதும் ஐந்து பெட்டி இயங்குக' என்று எழுதி வைத்துவிட்டால், நள்ளிரவில் ஒரு கணினி செயலிழப்பினும் வேறு கணினியில் அப்பெட்டியை எழுப்பி ஐந்தை ஐந்தாகவே வைத்திருப்பான்.

ஆயின் அம்மீகாமனை நிறுவுவது யார்? கணினிகளை வாடகைக்குப் பெறுதல், வலையமைப்பை வகுத்தல், ஒவ்வொன்றிலும் வேண்டிய மென்பொருளை ஏற்றுதல், திறவுகோல்களைப் பகிர்தல் ஆகிய நூற்றுக்கணக்கான வேலைகளைக் கையாற் செய்வோன் ஒருமுறை செய்ததை மறுமுறை அவ்வண்ணமே செய்யமாட்டான். ஆதலின் அவ்வேலைகளை வரிவரியாக எழுதிக் கணினியையே படித்துச் செய்யச் சொல்லும் ஏடுகள் தோன்றின. 'ஸ்கிரிப்ட்' என்பதை யாம் கட்டளையேடு என்கின்றோம். வாடகைக் கணினிகளைக் கேட்டுப் பெறுதற்கு 2014 இல் தோன்றிய டெராபோமும், பெற்ற கணினிகளைச் செப்பஞ் செய்தற்கு 2012 இல் தோன்றிய அன்சிபிளும் பெரிதும் பயில்வன. அன்சிபிள் என்னுஞ் சொல்லை முதற்கண் ஆக்கியவர் அர்சுலா லெ குவின் என்னும் புதின ஆசிரியை. 1966 இல் வந்த புதினமொன்றில், விண்மீன்களுக்கிடையே நொடிப்பொழுதிற் செய்தி போக்கும் கருவிக்கு அவர் இட்ட பெயர் அது. தொழில்வல்லார் கதைகளிலிருந்து பெயர் எடுக்கும் வழக்கம் எமக்கு மகிழ்ச்சி தருகின்றது; நம்மவர்க்கும் அதற்கு இலக்கியச் செல்வம் குறைவன்று.

இவை நமக்கு எட்டாத் தொலைவில் நிகழ்வன என்று வாசகர் எண்ணற்க. 2021 ஆம் ஆண்டிலே கொரோனாத் தடுப்பூசி பெற்ற இலங்கையர் வெளிநாடு செல்லுதற்குக் கட்டக்குறி பொறித்த சான்றிதழ் பெற்றதை நாம் அறிவோம். அச்சான்றிதழை ஆக்குதற்கு இந்நாடு கையாண்டது டிவொக் என்னும் திறந்த மூல மென்பொருள். பெங்களூரைச் சார்ந்த ஈகவ் பவுண்டேசன் ஆக்கியது. இந்தியாவின் கோவின் சான்றிதழ்களுக்கும் அதுவே அடிப்படை. அம்மென்பொருள் பல கொள்கலங்களாகப் பகுக்கப்பட்டது. திரளிலே நிறுவுதற்குரிய ஏடுகளும் மூல நிரலோடு சேர்த்தே வெளியிடப்பெற்றன. மத்திய கிழக்கிற்குத் தொழில் நாடிச் சென்ற மலையகப் பெண் ஒருத்தி விமான நிலையத்தில் நீட்டிய தாளின் பின்னே கொள்கலமும் ஏடும் இருந்தன என்பது இதனாற் பெறப்படும். ஒரு நாட்டார் எழுதிய ஏட்டைப் பிறிதொரு நாட்டார் பெற்றுத் தம் முகிலில் இயக்குங்கால், எழுதியவர் அருகில் இரார். ஏடு ஒன்றே பேசும். அவ்வேடு தெளிவாயும் புதிதாயும் இருத்தல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இனி ஏட்டின் இலக்கணம். இலக்கணம் பயின்ற மாணவர் ஏவலும் வியங்கோளும் வேறென்பதை அறிவர். 'பத்துக் கன்று நடு' என்பது ஏவல். 'இவ்வரிசையிற் பத்துக் கன்று நிற்க' என்பது வியங்கோள். வேறுபாடு சிறிதெனத் தோன்றும், பயனிலோ பெரிது. ஏவலை இருமுறை படித்துக் காட்டினால் வேலையாள் இருபது கன்று நடுவான். வியங்கோளை நூறுமுறை படிப்பினும் நிற்பன பத்தே. ஏழு நின்றால் மூன்று நடுவான், பத்தும் நின்றால் வாளா இருப்பான். நல்ல கட்டளையேடு வியங்கோள் நடையில் எழுதப்படுவது. டெராபோம் இந்நடையையே முற்றும் கைக்கொண்டது. அன்சிபிளும் பெரும்பாலும் இதனையே வேண்டுகின்றது. அவசரத்தில் எழுதுவோர் அன்சிபிள் ஏட்டின் நடுவே ஏவல் வரிகளைப் புகுத்திவிடுவர். முதன்முறை ஓட்டும்போது குற்றம் தெரியாது. பாதிவழியில் அறுந்துபோய் மீண்டும் முதலிலிருந்து ஓட்டும் நாளிலேதான் ஒரு வரி ஈரிடத்திற் சேர்க்கப்பட்டிருத்தலும், அழித்ததை மீண்டும் அழிக்கப் புகுதலும் வெளிப்படும். ஏட்டைச் சோதிப்போன் முதற்கண் செய்ய வேண்டியது அதனை இருமுறை ஓட்டிப் பார்த்தலே. இரண்டாம் முறை, 'மாற்றம் யாதுமில்லை' என்று அது விடையளிக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை எழுப்புவர். ஏட்டைச் செவ்வையாக எழுதிச் சோதித்தும் ஆயிற்று. ஒருவரும் அதனைத் தொடவில்லை. பின் அது கெடுவது எங்ஙனம்? இவ்வினா நல்ல வினா. விடை இப்பாடத்தின் உயிர்நிலையாதலின் சற்றே விரித்துரைப்போம்.

பனையோலை ஏடு கெடுவது செல்லாலும் ஈரத்தாலும். அதனைக் காப்போர் தலைமுறைதோறும் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றுதற்குப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு உழன்றமை கற்றோர் அறிந்ததே. கட்டளையேடோ செல்லரிக்காது; ஓரெழுத்தும் சிதையாது. ஆயினும் அது கெடுகின்றது. ஏனெனில் அது சுட்டும் உலகம் அதனை விட்டு நகர்ந்துவிடுகின்றது. ஏட்டில் எழுதிய முகவரியில் இப்பொழுது ஒருவரும் இலர். ஏட்டில் எழுதிய பெயரை இப்பொழுது ஒருவரும் தாங்கவில்லை. ஓலை பெயர்த்தெழுதுவோன் எழுத்தைக் காத்தாற் போதும். கட்டளையேட்டைப் பேணுவோன் பயனைக் காத்தற்பொருட்டு எழுத்தை மாற்றக் கடவன். இவ்விரு தொழிலும் ஒன்றுபோற் காணப்படினும் மறுதலையானவை.

எடுத்துக்காட்டு வேண்டின் பல தரலாம். மீகாமனுக்கு வேண்டிய பெட்டிகளை வைத்திருந்த பழைய களஞ்சியம் 2023 ஏப்பிரல் 3 ஆம் நாளோடு உறைநிலையாயிற்று. புதியன யாவும் வேறு முகவரியிலேயே வைக்கப்பெற்றன. அதே ஆண்டு செப்டெம்பர் 13 ஆம் நாள், கணினிகளில் மீகாமனை ஏற்றுதற்குரிய பொதிகள் இருந்த பழைய இடமும் உறைநிலையாகி, 2024 மார்ச்சில் முற்றாக நீக்கப்பட்டது. இம்மாற்றங்கள் முன்னரே அறிவிக்கப்பட்டவை; அறிவிப்பைப் படியாதோர் ஏட்டில் ஒரெழுத்தும் மாறாதிருந்தும் அது ஒருநாட் காலையில் 'பொதி கிடைத்திலது' என்று நின்றது. அதற்கு முன்னே, 2021 ஆகஸ்டில் வந்த 1.22 ஆம் பதிப்பு, வெளியாரை உள்ளே விடும் வாயிலுக்கு இருந்த பழைய எழுத்து வடிவை ஏற்க மறுத்தது. 2022 மேயில் வந்த 1.24 ஆம் பதிப்பு டொக்கருக்கென இருந்த இணைப்பையே நீக்கிற்று. ஏட்டில் டொக்கரை நம்பி எழுதிய ஒவ்வொரு வரியும் அன்றோடு பழங்கதையாயிற்று. கருவிகளும் நிலைத்திருப்பன அல்ல. டெராபோமின் உரிமம் 2023 ஆகஸ்டில் மாற, அதனை ஒப்பாதோர் ஓப்பன்டோபு என்னும் கிளையைத் தொடங்கினர்.

மீகாமனை ஆக்கியோரும் இவ்வினைக்குத் தப்பினாரல்லர். தொடக்கத்திலே அவர்கள் தம் மென்பொருளோடு 'கியூப்-அப்' என்னும் கட்டளையேட்டையும் சேர்த்து வெளியிட்டனர். ஒவ்வொரு முகிலுக்கும் அதில் ஒரு தனிக்கூறு இருந்தது. ஒவ்வொரு கூற்றையும் யாரோ ஒருவர் தம் தேவைக்கு எழுதித் தந்தார். தந்தவர் வேறு வேலைக்குச் சென்றபின் அக்கூறு பேணுவாரின்றி நின்றது. மூல மென்பொருள் வளர வளர அவை ஒவ்வொன்றாய் ஓடாதொழிந்தன. ஆக்கியோரே அவற்றைக் கைவிடப்பட்டவை என்று அறிவித்து ஒவ்வொன்றாய் நீக்கினர். கியூப்அடம், கொப்ஸ், அன்சிபிள் ஏடுகளின் தொகுதியாகிய கியூப்ஸ்பிரே ஆகியன அவ்விடத்தைப் பெற்றன. எழுதுதற்கு ஒருவர் கிடைத்தல் எளிது. பேணுதற்குக் கிடைத்தல் அரிது. மேலதிகாரிகள் புதிய ஏடு எழுதியவரைப் பாராட்டிப் பேணுபவரைக் கண்டுகொள்ளாது விடுவதும் இதற்கு ஒரு காரணமென்பது எம் கருத்து.

இனி முன்னர்ச் சொன்ன வரலாறு. ரெடிட் என்னும் அமெரிக்கத் தளம் 2023 மார்ச் 14 ஆம் நாள் 314 நிமிடம் செயலற்றிருந்தது. அந்நிறுவனத்தார் நிகழ்ந்ததை மறையாது தாமே விரித்தெழுதி வெளியிட்டனர். அதனாலேயே நாமும் அதனைப் பாடமாகக் கொள்ள முடிகின்றது. அன்று அவர்கள் தம் திரளொன்றை 1.23 இலிருந்து 1.24 ஆம் பதிப்பிற்கு உயர்த்தினர். உயர்த்திய சில நிமிடங்களிலேயே திரளினுள்ளே ஒரு கணினி மற்றொன்றோடு பேசுவது அற்றுப்போயிற்று. மீகாமனைப் பொறுத்தவரை ஏறிய படியிலிருந்து இறங்க முறையான வழியில்லை. ஆதலின் காப்புப்படியிலிருந்து திரளை மீட்கத் துணிந்தனர். மீட்கும் முறையை விளக்கும் ஏடு அவர்களிடம் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தபோது, அஃது எப்பொழுதோ வழக்கொழிந்த பதிப்பிற்காக எழுதப்பட்டிருந்தது. அதன் கட்டளைகள் யாவும் டொக்கரை நினைத்து எழுதப்பட்டவை. திரளோ அதற்குள் வேறு இயக்கிக்கு மாறியிருந்தது. தளம் நின்றுகிடக்கும் வேளையில், ஏட்டின் ஒவ்வொரு வரியையும் இன்றைய வழக்கிற்குப் பெயர்த்துக்கொண்டே அவர்கள் அதனை மீட்க வேண்டியதாயிற்று.

காரணம் பின்னர் ஆராய்ந்தபோது புலப்பட்டது. மீகாமன் தன் கணினிகளுக்குச் சீட்டு ஒட்டி வைப்பான். இன்னது தலைமைக் கணினி, இன்னது தொழிற்கணினி என்று. தலைமைக் கணினிக்கு 'மாஸ்டர்' என்னுஞ் சீட்டு நெடுங்காலம் ஒட்டப்பட்டு வந்தது. ஆண்டான் அடிமை நினைவைத் தருஞ் சொல் வேண்டாவென்று 1.20 ஆம் பதிப்பிலே 'கன்ட்ரோல் பிளேன்' என்னும் புதுச்சீட்டைச் சேர்த்தனர். 1.24 ஆம் பதிப்பிலே பழைய சீட்டைக் கிழித்தெறிந்தனர். ரெடிட் திரளின் வலையமைப்பில், வழிகளை ஏனைய கணினிகளுக்கு அறிவிக்குங் கடமை 'மாஸ்டர் சீட்டு உடைய கணினிகளுக்கு' என்று பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டிருந்தது. சீட்டுப் போனது, அக்கடமையைச் செய்வார் ஒருவருமிலராயினர், வழிகள் மறைந்தன. கணினி பழுதாகவில்லை; கம்பி அறவில்லை. ஓரிடத்திற் பெயர் மாற, மற்றோரிடத்தில் மாறாது நின்றமையே கேடு.

பெயரை மாற்றியோர் செய்தது தவறென்று யாம் கூறோம். துரை என்றும் கூலி என்றும் அழைத்த மொழியிலிருந்து விடுபட உழைத்த மலையகத்தார்க்கு அச்சொன்மாற்றத்தின் நியாயம் பிறர் சொல்ல வேண்டியதன்று. மாற்றப்போவதாகவும் அவர்கள் முன்னரே அறிவித்தனர். இரு பதிப்புச் சீட்டும் ஓராண்டிற்கு மேல் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருந்தன. இன்றியமையாதது யாதெனின், தம் ஏடுகளில் எவ்வெப் பெயரைப் பிறரிடமிருந்து இரவல் வாங்கியுள்ளோம் என்பதை அறிந்திருத்தல். ஒவ்வொரு புதிய பதிப்போடும் நீக்கப்படுவனவற்றின் பட்டியலும் வெளிவருகின்றது. அப்பட்டியலை ஒரு பக்கத்திலும் தம் ஏடுகளை மறுபக்கத்திலும் வைத்து, சொல்தொறும் தேடிப் பார்த்தல் வேண்டும். இதனைப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடு பார்க்கும் வேலை எனலாம். சலிப்புத் தருவதுதான், செய்யாதொழிந்தோர்க்கு நேர்வது மேலே காட்டப்பட்டது.

இம்மீகாமனுக்கு இப்பொழுது ஆண்டுதோறும் மூன்று பதிப்பு வருகின்றன. 2021 வரை நான்கு வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பதினான்கு மாதமே பேணப்படும். அதன்பின் பாதுகாப்புத் திருத்தம் கிடையாது. தலைமைக் கணினிகளை உயர்த்துங்கால் ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குச் செல்லவும் இயலாது. படிதோறும் ஏற வேண்டும். ஆதலின் மூன்றாண்டு பேணாது விட்டவர் ஏறத்தாழ ஒன்பது படி ஏறல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏட்டைத் திருத்தல் வேண்டும். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் முறையை இதற்கு ஒப்பிடலாம். உரிய ஆண்டில் வெட்டினால் செடி இடுப்பளவில் நின்று கொழுந்து தரும். வெட்டாது விட்டால் செடி சாவதில்லை, மரமாக வளர்ந்துவிடும். பின்னர்க் கை எட்டாது. வெட்டினும் தழைப்பது ஐயம். பேணாத திரள்களும் திடீரென்று வீழ்வதில்லை. தொடுதற்கு அஞ்சும் பொருளாக மெல்ல மாறுகின்றன.

நம் நாட்டிலேயே இவ்வச்சத்தின் விலை கொடுக்கப்பட்டுள்ளது. 2023 ஆகஸ்ட் 26 ஆம் நாள் இலங்கை அரச முகிலிலே பணயத் தாக்குதல் நிகழ்ந்து, ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. காப்புப்படிகளும் அதே முகிலிலே இருந்தமையால் அவையும் பூட்டப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. அன்று இயங்கிய மின்னஞ்சல் வழங்கி 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனமே அவ்வாண்டு ஏப்பிரலோடு பேணுதலை நிறுத்திவிட்டது. புதுப்பிக்கும் எண்ணம் 2021 முதலே இருந்ததென்றும், நிதி முதலிய காரணங்களால் தள்ளிப்போயிற்றென்றும் பொறுப்பாயிருந்த இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையத்தார் கூறினர். இது கொள்கலத் திரளன்று. எனினும் நோய் ஒன்றே. ஓடிக்கொண்டிருப்பதால் நலமாயிருக்கின்றது என்று எண்ணும் நோய் அது.

இனிப் பேணும் முறைகளை மாணவர்க்குப் பயன்படும் அளவிற் கூறுவோம். ஏடுகள் யாவும் ஓரிடத்திலே வரலாற்றோடு இருத்தல் வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் ஆக்கிய கிட் என்னுங் கருவி, எந்த வரியை யார், எந்நாள், எக்காரணம் பற்றி மாற்றினார் என்பதைக் காத்துத் தரும். ஏட்டில் இல்லாத மாற்றம் திரளிலும் இருத்தலாகாது. நள்ளிரவில் இடர் நேர்ந்தபோது ஒருவர் முகிலின் முகப்புப் பக்கத்திற் சென்று கையாலே ஒரு சிறு திருத்தஞ் செய்துவிட்டு உறங்கப் போகின்றார். திரள் நலமுற்றது, ஏடு அதனை அறியாது. இரு மாதம் கழித்து வேறொருவர் ஏட்டை ஓட்ட, அஃது உண்மையோடு பழைய நிலையை மீட்டு வைக்கின்றது. இடரும் மீள்கின்றது. செக்ரோலில் நாற்பது பேர் இருக்க மலையில் முப்பத்தெட்டுப் பேர் நிற்பது போன்றது இது. டெராபோமில் 'பிளான்' என்றும், அன்சிபிளில் 'செக்' என்றும் முன்னோட்டம் பார்க்கும் வழி உண்டு. யாதொன்றையும் மாற்றாது, மாற்றப்போவனவற்றை மட்டும் அவை சொல்லும். அதனை நாள்தோறும் தானே ஓடுமாறு வைத்து, ஏட்டிற்கும் திரளிற்கும் வேற்றுமை தோன்றிய அன்றே அறிதல் நன்று.

பெட்டிகளை அழைக்குங்கால் 'லேட்டஸ்ட்', அஃதாவது 'அண்மையது தருக' என்று எழுதுதல் பெருங்குற்றம். நேற்று அண்மையது வேறு, இன்று அண்மையது வேறு. பதிப்பெண்ணைத் தெளிவுற எழுதுக. எழுதிவிட்டு மறந்தால் முன்சொன்ன கேடு வரும். ஆதலின் அவ்வெண்களைப் பல ஏடுகளிற் சிதறவிடாது ஓரேட்டிலே திரட்டி வைத்து, திங்கள் ஒருமுறை பார்வையிடுக. திறவுச்சொற்களை ஏட்டினுள் எழுதுதல் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கிட் வரலாற்றில் ஒருமுறை புகுந்த திறவுச்சொல், பின்னர் அழிப்பினும் பழைய பக்கத்தில் இருக்கும். அதனை மாற்றுதலே வழி.

உரை எழுதுதல் குறித்து எமக்குச் சற்று மிகுதியாகவே சொல்ல ஆசை. சூத்திரம் சுருங்கியது, உரையின்றேல் விளங்காது. கட்டளையேட்டிலும் வரிக்கு மேலே உரை எழுத இடமுண்டு. ஆயினும் பலர் எழுதுவது பதவுரை: 'இங்கே ஐந்து கணினி ஆக்குகின்றோம்' என்பர். அதனை வரியே சொல்லுமே! வேண்டுவது காரணவுரை. ஏன் ஐந்து? ஏன் மூன்றாகாது? எக்காலத்தில் இவ்வரியை நீக்கலாம்? 'இன்ன பதிப்பிலுள்ள இன்ன பிழைக்காக இவ்வரி. அப்பிழை தீர்ந்தபின் நீக்குக' என்று ஒருவர் எழுதி வைத்தால், ஐந்தாண்டு கழித்து வருவோன் அஞ்சாது நீக்குவான். எழுதாவிடின் அவ்வரி என்றும் இருக்கும், ஏன் என்று ஒருவரும் அறியார், தொடவும் அஞ்சுவர். வரியை மாற்றியவர் உரையையும் மாற்ற வேண்டும் என்பதை மறவற்க. பொய்த்த உரை உரையின்மையினும் கொடிது.

எஞ்சியது ஒத்திகை. பூனாகலைக்கு அண்மையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை மலை சரிந்து லயன்களை மூடியதை இப்பகுதியார் மறவார். அத்துயரைக் கணினிக் கோளாறொன்றோடு ஒப்பிடுதல் எம் கருத்தன்று. ஆனால் ஒன்று கூறலாம்: அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அறிவித்திருந்தது. எழுத்து இருந்தது, மக்களோ அதே லயன்களிலேயே இருந்தனர். கோவையில் உறங்கும் அறிவுறுத்தல் எதற்கு உதவும் என்பதை இம்மலையார்க்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. மீட்பு ஏடும் அங்ஙனமே. ஓட்டிப் பாராத மீட்பு ஏடு, இல்லாத ஏடாகவே கருதத்தக்கது.

ஒத்திகை செய்யும் வகை இது. உண்மைத் திரளைத் தொடாது, அதுபோன்ற சிறு திரளொன்றை ஏட்டைக் கொண்டே எழுப்புக. அதன் தரவுகளுக்குக் காப்புப்படி எடுத்து, அப்படியை வேறோர் இடத்தில் வைக்குக. பின்னர்த் திரளை முற்றாக அழித்துவிடுக. இப்பொழுது ஏட்டை எழுதியவரை அறைக்கு வெளியே இருத்தி, அதனை முன்பு கண்டிராத ஒருவரிடம் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மீட்கச் சொல்லுக. அவர் எவ்விடத்தில் நின்று வினவுகின்றாரோ அவ்விடத்திலெல்லாம் ஏட்டில் குறையுண்டு. அன்றே திருத்தி எழுதுக. ஆண்டிற்கு இருமுறையேனும், புதிய பதிப்பிற்கு ஏறுமுன் ஒருமுறை தவறாதும் இதனைச் செய்தல் வேண்டும்.

இதனைப் பயிலுதற்குப் பெரிய முகிலை வாடகைக்குப் பெறுதல் வேண்டுமோ என வினவும் மாணவர்க்கு: வேண்டா. மினிகியூப், கைண்ட், கே3எஸ் என்னுஞ் சிறு வடிவங்கள் ஒரே கணினியிலே திரளொன்றை எழுப்பித் தருவன, விலையின்றிக் கிடைப்பன. எட்டு கிகாபைற்று நினைவகமுள்ள பழைய மடிக்கணினி தொடக்கத்திற்குப் போதும். முதல் வாரம் கையால் நிறுவிப் பாருங்கள்; இரண்டாம் வாரம் அவ்வேலையை அன்சிபிள் ஏடாக எழுதுங்கள்; மூன்றாம் வாரம் அழித்து மீட்டெழுப்புங்கள். அதன்பின் அவ்வேட்டை எடுத்து வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திறந்து ஓட்டிப் பாருங்கள். எவ்வரி முதலில் நிற்கின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பிலுள்ள பழைய மாணவர் சிலர் இத்தகைய ஏடுகளைப் பார்த்துத் திருத்தித் தர இசைந்துள்ளனர். எழுதியோர் தம் ஏட்டைக் காரணவுரையோடு எம்மிடம் தந்தால் அவர்கட்கு அனுப்பிவைப்போம்.